அறுபத்தொரு கட்டைவிரல் ரேகைகள்

வாண்டி சோவா திருடன் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஏனென்றால் மாவட்டத்து வானொலி அவனை மோசடிக்காரன் என்று மூன்று நாள் வாய் ஓயாமல் சொன்னது. தெம்பேமா கிராமத்தில் இருபத்திரண்டு வருஷம் எழுத்தராக இருந்தவன் அவன். பிறப்பு, இறப்பு, வரி எல்லாம் அவன் நோட்டில்தான். ஒரு பிறப்புச் சீட்டுக்குக்கூட யாரிடமும் ஒரு மீன் தலை வாங்கித் தின்றதில்லை. வேண்டுமானால் அவனை மடையன் என்று சொல்லுங்கள். அதை அவனே ஒப்புக்கொள்வான்.

அவனிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. எந்தப் பட்டியல் எழுதினாலும், ஊரில் இல்லாதவர்களின் பெயரையும் சேர்த்து எழுதி, அவர்களுக்காகத் தன் இடது கட்டைவிரலை மையில் தோய்த்து வைத்துவிடுவான். அந்தப் பழக்கம் பெரிய காய்ச்சல் வந்த வருஷத்தில் தொற்றியது. அப்போது கடற்கரைப் பக்கத்து வீடுகளைக் கயிறு கட்டி இருபத்தொரு நாள் அடைத்தார்கள். லாரியில் அரிசியும் எண்ணெயும் வந்தன. பட்டியலில் பெயர் இருந்தவனுக்குக் கிடைத்தது, இல்லாதவனுக்கு இல்லை. பட்டியல் எடுத்த அன்று கடலிலிருந்த மூன்று குடும்பங்கள் விட்டுப்போயின. அதில் ஒன்று அவன் அக்கா பைந்துவின் குடும்பம். வாண்டி கயிற்றுக்கு வெளியே இருந்தான். கையில் சோற்றுப் பானையோடு நின்றவனைச் சிப்பாய் உள்ளே விடவில்லை. பைந்துவின் கடைசிப் பெண் அந்த இருபத்தொரு நாளில் போய்விட்டாள். காய்ச்சலில் போகவில்லை, பசியில் போனாள். அந்தப் பட்டியலை எழுதியவனும் வாண்டிதான்.

அதற்குப் பிறகு அவன் பட்டியலில் எந்தப் பெயரும் விட்டுப்போனதில்லை. கொசுவலை வந்தது, விதைநெல் வந்தது, சோப்பு வந்தது. சந்தைக்குப் போனவள், கடலுக்குப் போனவன், பிரசவத்துக்குத் தாய்வீடு போனவள் எல்லோருக்கும் வாண்டியின் கட்டைவிரல் போய் வாங்கி வந்தது. ஊருக்கே இது தெரியும். மாவட்ட அலுவலகத்துக்கும் தெரியும். யாரும் இதைக் குற்றம் என்று நினைக்கவில்லை. உண்மையைச் சொன்னால் இதற்காகத்தான் அவனை ஊர் தலையில் வைத்துக் கொண்டாடியது.

அப்படி இருக்கையில்தான் தலைநகர் ஃப்ரீடவுனிலிருந்து அமைச்சக அதிகாரி யம்பாசு வெள்ளை வண்டியில் வந்து இறங்கினார். கூடவே வெளிநாட்டுக்காரர்கள் நான்கு பேர். எந்த நாடு என்பது முக்கியமில்லை. முன்னே ஒரு நாடு வந்து மலையைத் தோண்டியது. அப்புறம் ஒரு நாடு வந்து மரத்தை வெட்டியது. இப்போது இந்த நாடு மீனைக் கேட்டு வந்திருந்தது. மூன்று தடவையும் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தவர் யம்பாசு ஒருவர்தான். ஆட்சி இரண்டு தடவை மாறியும் அவர் சீட்டு மாறவில்லை.

வந்தது வியாழக்கிழமை, சந்தை நாள். பெண்கள் பாதிக்கு மேல் கருவாட்டுக் கூடையோடு போய்விட்டார்கள். ஆண்கள் கடலில் இருந்தார்கள். இருந்தவர்களைப் பந்தலுக்குக் கீழே உட்காரவைத்து யம்பாசு ஒலிபெருக்கியில் பேசினார். படகுத்துறை வரும், பனிக்கட்டி ஆலை வரும், மீன் அழுகாது, பிள்ளைகளுக்கு வேலை. கேட்கக் கேட்கத் தேனாக இருந்தது. கடைசியில், "வந்தவங்க வெறுங்கையோட வரல. ஒவ்வொரு வீட்டுக்கும் கோலா கொண்டு வந்திருக்காங்க" என்றார். கோலா என்றால் பேச வருகிறவன் மரியாதைக்குக் கொடுக்கிற கசப்புக்கொட்டைதான். ஆனால் இந்தக் காலத்தில் யார் கொட்டையைக் கொண்டுவருகிறார்கள்? ஊருக்குள் பேச வருகிறவன் எதைக் கொடுத்தாலும் அதற்குப் பெயர் கோலா. அன்றைக்கு வந்த கோலா வீட்டுக்கு ஒரு மூட்டை அரிசி.

மேஜையும் மைப்பெட்டியும் வாண்டிக்கு முன்னால் வைக்கப்பட்டன. தாளின் தலைப்பில் 'வருகைப் பட்டியல்' என்று இருந்தது. ஊரில் நூற்றுப் பதினான்கு வீடு. வந்திருந்தது ஐம்பத்து மூன்று வீடு. மிச்சம் அறுபத்தொன்றையும் வாண்டி வழக்கம்போல எழுதினான், வழக்கம்போல விரலை வைத்தான். சாயங்காலம் தள்ளுவண்டியில் மூட்டைகளை ஏற்றி வீடுவீடாகத் தானே கொண்டுபோய் இறக்கினான். அன்றிரவு அவன் முதுகு வலியோடும் நிம்மதியோடும் தூங்கினான்.

எட்டு மாதம் கழித்துக் கடற்கரைக் குடிசைகளில் சிவப்பு வண்ணத்தில் பெருக்கல் குறி போட்டுப் போனார்கள். பைந்து மீன் புகைபோடும் குடிசையிலும் ஒன்று. பனிக்கட்டி ஆலை இல்லை, மீனை அரைத்து மாவாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலையாம். கடற்கரை முழுவதும் அதற்காம். எழுபது வருஷத்துக்கு. ஊரார் திரண்டு மாவட்ட அலுவலகத்துக்குப் போனார்கள். அங்கே ஒப்பந்தத்தின் நகலை எடுத்து நீட்டினார்கள். கடைசி நான்கு பக்கம் 'ஊர் மக்களின் சம்மதம்'. தலைப்புத் தாள் மட்டும் மாறியிருந்தது. கீழே இருந்தவை வாண்டி எழுதிய பெயர்கள், வாண்டியின் குண்டு குண்டான கையெழுத்து.

ஊராரின் முகத்தைப் பார்க்க முடியாமல் வாண்டி அலுவலகத்துப் பின்புறம் போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வழக்குப் போட ஒரு வக்கீல் கிடைத்தார். ரெமி க்ளைன் என்று பெயர். தலைநகரத்துப் பெண்மணி. வேறொரு வெளிநாடு கொடுத்த உதவியில் நடந்த ஒரு சங்கம் அவரை அனுப்பியிருந்தது. வாண்டி அவரிடம் போய், ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் கொட்டினான். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவனைப் பார்த்தார்.

"அறுபத்தொரு ரேகையும் உங்க விரலா?"

"எல்லாம் இதோ இந்த விரல்தாம்மா."

"கைரேகை நிபுணரை வச்சு நிரூபிச்சிடலாம். பாதிக்கு மேல பொய் ரேகைன்னா அந்த ஒப்பந்தம் நிக்காது, மிஸ்டர் சோவா. நம்ம கையில இதைவிடப் பெரிய ஆயுதம் வேற இல்ல." கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். "ஆனா நீங்க உள்ள போக வேண்டியிருக்கும். ரெண்டு வருஷம், மூணு வருஷம் ஆகலாம்."

"கடற்கரை நிக்குமா?"

"நிக்கும்னுதான் நம்பறேன்."

"அப்ப எழுதிக்குங்க."

அன்று சாயங்காலம் பைந்துவின் புகைக்குடிசைக்குப் போனான். அவள் அடுப்புக்கு மேலே கம்பிவலையில் மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். விதவை. பிள்ளைகள் மூன்று பேர். இந்தக் குடிசையில் எரிகிற விறகுதான் அவள் வீட்டு அடுப்பையும் எரிக்கிறது. வாண்டி விஷயத்தைச் சொன்னான்.

"என் பேருக்கும் நீதான் விரல் வச்சியா?"

"உன் விரலை வச்சா தாள் முழுக்க மீன் நாத்தம் அடிக்கும்க்கா. அதான்."

"வாயைப் பாரு. ஜெயிலுக்குப் போறவன் பேசற பேச்சா இது?" மீனைத் திருப்பும் கை நின்றது. "அங்க உனக்குச் சோறு யாரு கொண்டு வருவா?"

"நீதான். கிழங்கு இலைக் குழம்புல காரம் கொஞ்சம் குறைச்சுப் போடு. வயசாயிடுச்சு எனக்கு."

அவள் சிரிக்கவில்லை. கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, புகை என்றாள். போகும்போது அவன்தான் சொன்னான்: "உன்னையும் கூண்டுல ஏத்துவாங்க. பயப்படாத. நடந்ததை நடந்தபடி சொல்லு. நாம ஒண்ணும் யாரையும் ஏமாத்தப் போகல. உண்மை நம்ம பக்கம் இருக்கு."

"நான் எப்ப பொய் சொல்லியிருக்கேன்?" என்று கேட்டாள் பைந்து. அது சரிதான். சந்தையில் முந்தாநாள் மீனை முந்தாநாள் மீன் என்று சொல்லி விற்கிற ஒரே பெண் அவள். அதற்காகவே பாதி வியாபாரம் கெட்டது.

மாவட்ட நீதிமன்றத்தில் முதலில் ஊர்த்தலைவர் பா குபானா ஏறினார். எழுபது வயது. நீல நிற நீள அங்கி போட்டு, கோலை ஊன்றிக்கொண்டு கம்பீரமாக நின்றார். காகிதத்தை வைத்துத் தன் ஊரை மடக்கிவிட்டார்கள் என்ற கோபம் அவருக்கு. அந்தக் காகிதத்தை ஒரே போடாகப் போட்டுவிட வேண்டும் என்று வந்திருந்தார்.

"ஐயா, இந்தக் கையெழுத்து, ரேகை எல்லாம் வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போனது" என்றார் நீதிபதியிடம். "அதை வச்சு எங்க சம்மதத்தைப் பாக்கக் கூடாது. எங்க வழக்கம் வேற. பேச வந்தவன் கோலா குடுப்பான். அதை வாங்கித் தின்னுட்டா அவன் பேச்சை ஏத்துக்கிட்டோம்னு அர்த்தம். தின்னாம திருப்பி அனுப்பினா இல்லைன்னு அர்த்தம். எங்க தாத்தா காலத்துலேருந்து இதுதான். காகிதம் எங்களைக் கட்டுப்படுத்தாது."

ரெமி க்ளைன் திருப்தியாகத் தலையை ஆட்டினார். பாவம், கல்லூரியில் படித்த தலைநகரத்துக்காரர். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த வாண்டிக்குத்தான் தள்ளுவண்டியில் தள்ளிப்போன மூட்டைகள் நினைவுக்கு வந்தன. எதிர்த்தரப்பு வக்கீல் ஸெனெஸியைப் பார்த்தான். அவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. தெம்பேமாவிலிருந்து இரண்டாவது ஊர், அதே மெண்டே பாஷை, அதே கிழங்கு இலைக் குழம்பில் வளர்ந்த உடம்பு. ஸெனெஸி தன் தாளில் என்னவோ எழுதி அடியில் இரண்டு கோடு போட்டுக்கொண்டார்.

அடுத்து வாண்டி. எல்லாவற்றையும் சொன்னான். நிபுணர் வந்து அறுபத்தொரு ரேகையும் ஒரே விரல்தான் என்று சொல்லிவிட்டுப் போனார். கூட்டத்தில் படகுத்துறையும் பனிக்கட்டி ஆலையும்தான் பேசப்பட்டன, கடற்கரையைக் காலி செய்வது பற்றி ஒரு பேச்சும் இல்லை என்றும் வாண்டி சொன்னான். ஸெனெஸி எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"மிஸ்டர் சோவா, இருபத்திரண்டு வருஷத்துல எத்தனை தடவை இப்படிப் பொய் ரேகை வச்சிருப்பீங்க?"

"கணக்கு இல்லைங்க."

"நன்றி" என்று உட்கார்ந்துவிட்டார்.

பிறகு பைந்துவைக் கூப்பிட்டார்கள். நல்ல துணியை உடுத்திக்கொண்டு, தலையில் முக்காட்டை இழுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். குர்ஆன் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தாள். ஸெனெஸி மேஜைக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து, அவளிடம் மெண்டேயிலேயே, பக்கத்து வீட்டுப் பிள்ளை பேசுவதைப் போலப் பேசினார்.

"அக்கா, கூட்டத்துக்கு நீங்க வந்தீங்களா?"

"இல்லப்பா. சந்தைக்குப் போயிருந்தேன்."

"ரேகை உங்களுதா?"

"இல்ல. என் தம்பி வச்சான். அவன்தான் சொல்லிட்டானே."

"சரி, அதை விடுங்க. அரிசி உங்க வீட்டுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. தம்பி இறக்கி வச்சுட்டுப் போனான்."

"யார் குடுத்ததுன்னு சொன்னாரா?"

"கடல் விஷயமாப் பேச வந்தவங்க குடுத்த கோலான்னு சொன்னான்."

வாண்டி எழுந்து நின்றுவிட்டான். காவலர் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்தார்.

"அந்த அரிசியை என்ன பண்ணீங்க அக்கா?"

"என்ன பண்ணுவாங்க? பொங்கினோம். கொஞ்சம் கல்லு இருந்துச்சு, பொறுக்கிட்டுப் பொங்கினேன்."

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். ஸெனெஸியும் புன்னகைத்தார்.

"திருப்பி அனுப்பணும்னு தோணலையா?"

பைந்துவுக்கு அந்தக் கேள்வி சுருக்கென்று குத்தியது. நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டு வாசலுக்கு வந்த கோலாவைத் திருப்பி அனுப்பறதுக்கு நாங்க என்ன மரியாதை தெரியாதவங்களா?"

"இல்லவே இல்ல. நல்ல மரியாதை தெரிஞ்சவங்க. போய் உக்காருங்க அக்கா."

அவளுக்கு என்ன நடந்தது என்று தெரியவில்லை. கூண்டிலிருந்து இறங்கும்போது, சரியாகச் சொன்னேனா என்பதைப் போலத் தம்பியைப் பார்த்தாள். முன்வரிசையில் பா குபானா இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார். அவர் உடம்பு குலுங்கியது. இத்தனை வயதான ஒரு தலைவர் ஊரார் முன்னால் அழுவதை வாண்டி அதுவரை பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நீதிபதி மெல்லிய குரலில் வாசித்தார். ரேகைகள் பொய்யானவை என்பதை நீதிமன்றம் ஏற்கிறது. ஆனால் ஊர்த்தலைவரே சொன்னபடி, இந்த மக்களின் வழக்கத்தில் சம்மதம் ரேகையில் இல்லை, கோலாவில் இருக்கிறது. எழுத்தரின் அக்காவே சத்தியம் செய்து சொன்ன பிறகு, நூற்றுப் பதினான்கு வீட்டாரும் கோலாவை ஏற்று உண்டார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. கூட்டத்தில் வேறு விதமாகப் பேசப்பட்டது என்று வழக்குத் தொடுத்த ஊரார் சொல்வதற்கு எழுத்தரின் வாய்ச்சொல்லைத் தவிர ஆதாரம் இல்லை. கணக்கற்ற முறை பொய் ரேகை வைத்ததாக ஒப்புக்கொண்டவரின் சொல்லை நீதிமன்றம் நம்ப முடியாது. கூட்டத்தைப் பற்றி அமைச்சகம் எழுதிவைத்த குறிப்பே ஏற்கப்படுகிறது. ஒப்பந்தம் செல்லும். எழுத்தர் வாண்டி சோவாவுக்கு இரண்டு ஆண்டுச் சிறை.

இரண்டு வருஷம் என்றது அவன் காதில் விழவே இல்லை. 'ஒப்பந்தம் செல்லும்' என்பதிலேயே நின்றுவிட்டான். ஜெயிலுக்குப் போகத் துணிந்துதான் வந்தான். ஆனால் சும்மா போவதற்கு இல்லை. தன்னைக் கொடுத்தால் கடற்கரை மிஞ்சும் என்று கொடுத்தான். அவர்கள் அவனையும் எடுத்துக்கொண்டார்கள், கடற்கரையையும் எடுத்துக்கொண்டார்கள். அவன் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்று சொல்வதற்காவது ஊருக்கு ஒரு யோக்கியமான சாட்சி மிஞ்சியிருக்கும்.

வெளியே வராந்தாவில் யம்பாசு வெளிநாட்டுக்காரர்களோடு கை குலுக்கிக்கொண்டிருந்தார். வாண்டியைப் பார்த்ததும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்கூட வந்தது. பக்கத்தில் வந்து, "எதுக்குய்யா இந்த வேண்டாத வேலை? ரெண்டு அரசாங்கம் கையெழுத்துப் போட்ட விஷயம். உன் ஒரு விரலு அதை என்ன பண்ணும்?" என்றார்.

ரெமி க்ளைன் வந்தார். கண் சிவந்திருந்தது.

"மேல் கோர்ட்டுக்குப் போலாம்லம்மா?" என்று கேட்டான்.

"போன வாரம் எங்க சங்கத்துக்குக் கடிதம் வந்துச்சு, மிஸ்டர் சோவா. உதவி பண்ணிட்டு இருந்த நாடும் நம்ம அரசாங்கத்தோட ஏதோ துறைமுக ஒப்பந்தம் போட்டுடுச்சு. இனிமே இந்த மாதிரி வழக்குக்கு உதவ மாட்டாங்களாம். இந்த மாசக் கடைசியில சங்கத்தையே மூடறோம்."

"அவங்களுமா?"

"அவங்களும்தான்."

அவர் அவன் கையை ஒரு தடவை இறுகப் பிடித்தார். பிறகு கோப்புகளை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார். நல்ல மனுஷிதான். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. ஆனால் ஊருக்காகப் பேச இருந்த ஒரே வாயும் அன்றைக்கு மூடிக்கொண்டது.

வண்டியில் ஏற்றுவதற்கு முன்னால் காவலர்கள் இரண்டு நிமிஷம் கொடுத்தார்கள். பைந்து படியருகில் நின்றுகொண்டிருந்தாள். இந்த மூன்று வாரத்தில் ஊரில் யாரோ அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கியிருந்தார்கள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆனால் கிணற்றடியில் அவள் வந்தால் பேச்சு நின்றுபோகிறது என்று வாண்டி கேள்விப்பட்டிருந்தான். அவளிடம் தேறுதலாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தான். அவள் முந்திக்கொண்டாள்.

"வாண்டி, ஒண்ணு கேக்கறேன். மழுப்பாம சொல்லு. அரிசி வரலைன்னு நான் சொல்லியிருக்கணுமா?"

இல்லக்கா, நீ சொன்னதுதான் சரி. இந்த வார்த்தை அவன் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அவள் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பாள். ஆனால் பிள்ளைகள் மூன்று பேரையும், நாளை மறுநாள் வரப்போகிற இடிக்கும் இயந்திரத்தையும் நினைத்தபோது அவனால் அதைச் சொல்ல முடியவில்லை. நெஞ்சு முழுவதும் ஆத்திரம். யார் மேல் என்று அவனுக்கே தெரியவில்லை.

"ஆமாக்கா. சொல்லியிருக்கணும்."

"குர்ஆன் மேல கை வச்சிருந்தேனே."

"தெரியும்."

"தெரிஞ்சும் சொல்றியா?"

"தெரிஞ்சுதான் சொல்றேன்."

சொன்ன மறு நொடியே தன்னை அவன் வெறுத்தான். பைந்து அழவில்லை, அவனைத் திட்டவும் இல்லை. அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். வழியை விடும்மா என்று காவலர் இரண்டு தடவை சொன்னது அவள் காதில் விழவில்லை. அவளைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் வாண்டியை வண்டியில் ஏற்றினார்கள். வண்டி திரும்பும்போது கம்பி வழியாக எட்டிப் பார்த்தான். அவள் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.